இரவில் வரும் மரநாய்: நாய், பூனை, கோழி வளர்ப்போர் கவனத்துக்கு

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிக் கரிசல் கிராமங்களில் வளர்ப்புப் பிராணி இல்லாத வீடு அரிது. கன்னி, சிப்பிப்பாறை ஆகிய வேட்டை நாய் இனங்களுக்கு இவ்வட்டாரமே தாயகம். வேம்பூர் செம்மறி ஆடும் இந்த மண்ணுக்கு உரியது. இவற்றோடு பூனையும் நாட்டுக் கோழியும் முற்றத்தில் வளர்கின்றன. இப்பிராணிகளுக்கு வைத்து மிஞ்சும் தீனியை நாடி, ஊர் உறங்கிய பிறகு அழையா விருந்தாளியாக வருவது மரநாய். அது வந்து போவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதன் வருகையில் மக்களுக்கும் கால்நடைகளுக்கும் சில நோய் அபாயங்கள் உண்டு. சிறு கவனத்தால் அவற்றைத் தவிர்க்கலாம்.

மரநாயின் இயல்பு

பெயரில் நாய் இருந்தாலும் இது நாய் இனமன்று. புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் சுமார் ஒன்றரை அடி நீளமும், வால் ஏறக்குறைய அதே நீளமும் இருக்கும். எடை 2 முதல் 5 கிலோ வரை. கருஞ்சாம்பல் நிறமும், கண்ணருகே வெளிறிய திட்டுகளும் அடையாளம். பகலில் பனையின் கொண்டையிலும், புளியமரப் பொந்திலும், பழைய ஓட்டு வீட்டின் மச்சிலும் படுத்துறங்கும். இருட்டிய பின் தனியாக இரை தேடக் கிளம்பி, விடியுமுன் திரும்பிவிடும்.

இதன் முக்கிய உணவு பழங்களே. அத்தி, ஆல், மா, பப்பாளி, வாழை முதலியவற்றை விரும்பித் தின்னும். பதநீர்க் காலத்தில் கலயத்தில் வாய் வைக்கும் பழக்கத்தைப் பனையேறிகள் நன்கு அறிவர். பழம் கிடைக்காதபோது எலி, ஓணான், நத்தை, பூச்சி, பறவைக் குஞ்சு ஆகியவற்றைப் பிடிக்கும். கோழிக்கூட்டில் சந்து கிடைத்தால் அதையும் விடாது. தின்ற பழத்தின் கொட்டைகள் எச்சத்தில் முழுமையாக வெளிவரும். மொட்டை மாடியிலும் சுற்றுச்சுவர் மேலும் கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் நடமாடுகிறது என அறியலாம்.

வறட்சிக் காலத்தில் மானாவாரிக் காட்டில் பழமும் நீரும் அரிதாகும். அப்போது நாய்த் தட்டில் மிஞ்சிய சோறு, பூனைக்கு வைத்த கருவாடு, கோழிக்கு இறைத்த தானியம், தொட்டியில் நிற்கும் தண்ணீர் ஆகியவை அதற்குப் பெரும் விருந்தாகின்றன. ஒருமுறை தீனி கண்ட இடத்துக்கு அது மீண்டும் மீண்டும் வரும். ஆஸ்திரேலிய நகரங்களில் போசம் என்னும் பிராணியும் இவ்வாறே கூரைகளில் குடியேறி, தோட்டத்துப் பழங்களையும் நாய், பூனைகளுக்கு வைத்த உணவையும் தின்கிறது. தீனியை இரவில் வெளியே வைக்க வேண்டாம் என்பதே அங்கும் சொல்லப்படும் முதல் அறிவுரை.

நோய் அபாயங்கள்

வெறிநோய்: ரேபிஸ் என்னும் வெறிநோய் பாலூட்டிகள் அனைத்தையும் தாக்கக் கூடியது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு இது பெரும்பாலும் நாய் மூலமே வருகிறது. தட்டைக் காக்கும் நாயும் தின்ன வந்த மரநாயும் இருட்டில் கடித்துக் கொள்வது உண்டு. மரநாய்க்கு நோய் இருந்து, நாய்க்குத் தடுப்பூசி போடாமல் இருந்தால், நோய் வீட்டுக்குள் வர அந்த ஒரு கடியே போதும். பட்டப்பகலில் தள்ளாடியபடி, மனிதரைக் கண்டு அஞ்சாமல் வரும் மரநாயை நோயுற்றதாகவே கருதி விலக வேண்டும்.

எலிக்காய்ச்சல்: மரநாயை ஈர்க்கும் அதே மிச்சத் தீனி எலியையும் பெருச்சாளியையும் ஈர்க்கிறது. இவற்றின் சிறுநீரில் வெளிப்படும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சற்றே காரத்தன்மை உள்ள மண் இதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கரிசல் மண்ணோ நீண்ட நாள் ஈரம் காக்கும். வெடிப்புள்ள வெறுங்காலோடு நடப்பவருக்குக் கிருமி காயத்தின் வழியே உடலில் புகுகிறது. திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் ஏற்படும். தொடக்கத்திலேயே மருத்துவரை நாடினால் குணப்படுத்தலாம். நாய்க்கும் இந்நோய் வரும். அதன் சிறுநீரிலும் கிருமி வெளிப்படும்.

பிற நோய்கள்: நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர், பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா ஆகிய நச்சுயிரி நோய்கள் மரநாய் இனத்துக்கும் வருகின்றன. ஒரே தட்டில் வாய் வைப்பதால் நோய் இரு பக்கமும் பரவ வழி உண்டு. எச்சத்தில் குடற்புழு முட்டைகளும், உடலில் உண்ணி, தெள்ளுப்பூச்சிகளும் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

1. நாய், பூனைகளுக்குப் பொழுது சாயுமுன் தீனி வையுங்கள். தின்று முடிந்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

2. கோழித் தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். உதிர்ந்த பனம்பழம், மாம்பழம், பப்பாளியை அன்றாடம் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

3. கோழிகளை அடைக்கும் பஞ்சாரத்தின் மேல் கனமான கல் வையுங்கள். கூடாக இருந்தால் கம்பி வலை அடித்துக் கொண்டி போடுங்கள்.

4. மச்சில் சந்து இருந்தால் அடையுங்கள். ஆனால் குட்டிகள் உள்ளே இல்லை என்று உறுதி செய்த பிறகே, மரநாய் வெளியேறிய இரவு நேரத்தில் அடைக்க வேண்டும். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டி விடுங்கள்.

5. நாய்க்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடருங்கள். டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவற்றையும் கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் செய்யுங்கள்.

6. எச்சத்தை வெறுங்கையால் தொடாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, மண்வெட்டியால் அள்ளிப் புதையுங்கள். மழைக்காலத்தில் செருப்பின்றி நடக்க வேண்டாம்.

கடி பட்டால்

மனிதரை மரநாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய் கடித்தால் அந்த நாயைப் 10 நாட்கள் கண்காணிக்கும் வழக்கம் உண்டு. காட்டுப் பிராணியின் கடிக்கு அது பொருந்தாது. அதனை மிகக் கடுமையான வகைக் கடியாகவே கொண்டு, தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவர். தோலில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. தவணை ஒன்றையும் தவற விடக் கூடாது. அறிகுறி தோன்றிய பின் இந்நோய்க்குச் சிகிச்சை பலிப்பதில்லை.

நாய் கடிபட்டிருந்தால், முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும், அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

கொல்லக் கூடாது

தொல்லை தாங்காமல் சிலர் தீனியில் நஞ்சு கலந்து வைக்கின்றனர். ஜிங்க் பாஸ்பைடு கலந்த உருண்டையை மரநாய் தின்னுமுன் வீட்டு நாயோ கோழியோ தின்று மடியலாம், குழந்தைகளுக்கும் ஆபத்து. மேலும் மரநாய் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. அதைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றமாகும். இறைச்சிக்காகப் பிடிப்பது உடல்நலத்துக்கும் கேடு. 2003-இல் உலகை அச்சுறுத்திய சார்ஸ் நோயின் கிருமி, தென்சீனச் சந்தைகளில் கூண்டில் அடைத்து விற்கப்பட்ட மரநாய் இனம் ஒன்றில் கண்டறியப்பட்டது நினைவிருக்கலாம்.

மரநாயால் உழவருக்கு நன்மையும் உண்டு. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளத்தை அழிக்கும் எலிகளை அது பிடித்துத் தின்கிறது. பழக் கொட்டைகளைத் தொலைவுக்குக் கொண்டு சென்று பரப்புகிறது. காட்டிலும் பனந்தோப்பிலும் அது இருப்பதால் தீங்கு இல்லை. முற்றத்துக்கு அதை இழுக்கும் மிச்சத் தீனியை அகற்றினால் அது தானே விலகிப் போகும். அடிபட்டோ நோயுற்றோ கிடக்கும் மரநாயை நெருங்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். தடுப்பூசி குறித்த விவரங்களுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.