லயத்து வாசலில் பாட்டி: எந்தக் கேமராவை வாங்குவது?

கேள்வி: ஐயா, என் பாட்டிக்கு 86 வயது. சுங்கை ஆயர் தாவாருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். லயத்தை உடைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதற்குள் பாட்டியையும் வீட்டையும் தோட்டத்துக் கோயிலையும் பிலிமில் எடுத்து வைக்க ஆசை. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தையில் இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களைப் பார்த்தேன்: யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனனெட் கியூஎல் 17. எதை வாங்கலாம்? இல்லை, காசு சேர்த்து லைக்கா வாங்கும்வரை பொறுக்கட்டுமா?
- வாசகர், சுங்கை ஆயர் தாவார்

பதில்: பொறுக்க வேண்டாம் தம்பி. லைக்காவுக்குக் காசு சேரும்வரை லயமும் நிற்க வேண்டும், பாட்டியும் வாசலில் உட்கார வேண்டும். 1954இல் வந்த லைக்கா எம்3 அருமையான கேமரா, மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளியில் எத்தனை ரோல் பிலிம் வாங்கிக் கழுவலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பார்த்த இரண்டிலும் லென்ஸ் எஃப்/1.7. லயத்து வீட்டின் மங்கல் வெளிச்சத்துக்குப் போதும். ஷட்டரும் 'டிக்' என்று மெதுவாகத்தான் விழும், பாட்டி திடுக்கிட மாட்டார்.

நம் பக்கத்தில் கேமராவின் பெயரைவிட அதன் கண்ணாடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சுங்கை பெசார், செகிஞ்சான் வயல் தண்ணீர். வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? என்னுடைய முதல் ரேஞ்ச்ஃபைண்டரை அழகான தோல் உறையோடு அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தால், லென்ஸின் உள்ளே சிலந்தி நூல் போல வெள்ளை வேர்கள். அந்தத் தோல்தான் ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது.

அதனால் சந்தைக்குப் போகும்போது கைபேசி டார்ச் கண்டிப்பாகக் கையில் இருக்கட்டும். கேமராவின் பின்கதவைத் திறந்து, அபெர்ச்சரை எஃப்/1.7க்குத் திருப்பி, 'பி' என்ற இடத்தில் வைத்து ஷட்டரை அழுத்திப் பிடியுங்கள். முன்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, பின்னாலிருந்து பாருங்கள். நாலு தூசு இருந்தால் பரவாயில்லை. நூல்நூலாக வேர் தெரிந்தாலோ, பனி படர்ந்தது போல மங்கலாக இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது ரேஞ்ச்ஃபைண்டர். வியூஃபைண்டரின் நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கட்டம் தெரியும். அதற்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்துக்கொண்டு, கடையின் வாசலுக்கு வந்து தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பாருங்கள். அங்கேயும் இரட்டையாகத் தெரிந்தால் கேமராவின் கணக்குத் தவறிவிட்டது என்று அர்த்தம். கட்டமே கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிறிப் போயிருந்தால் பாட்டியின் கண்ணைக் குறிவைக்க முடியாது.

யாஷிகாவைப் பேட்டரி இல்லாமல் சோதிக்கவே முடியாது. நாம் அபெர்ச்சரை வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே முடிவு செய்யும். பேட்டரி இல்லாவிட்டால் சுமார் 1/500 விநாடி ஒன்றுதான். அதன் பழைய 5.6 வோல்ட் பாதரசப் பேட்டரி இப்போது கிடைக்காது. 6 வோல்ட் பேட்டரியை அடாப்டரில் போட்டுக்கொண்டு போங்கள். பிலிம் நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர்த் துண்டு கரைந்துபோயிருக்கலாம். கேனனெட்டில் பார்க்க வேண்டியது ஷட்டர் இதழ்கள். எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொள்வது அதன் பழைய வியாதி. 1/4 விநாடியிலும் 1/500 விநாடியிலும் மாறி மாறிப் பத்துத் தடவையாவது அடித்துப் பாருங்கள். இரண்டிலும் பின்கதவு ஓரத்துப் பஞ்சு அநேகமாகப் பிசுபிசுத்திருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை.

இரண்டும் சுத்தமாக இருந்தால் நான் கேனனெட்டைத்தான் எடுப்பேன். உங்கள் பாட்டி உட்காரப்போகும் அந்த வாசல்தான் காரணம்.

லயத்து வாசலை மனசில் கொண்டு வாருங்கள். தகரக் கூரையின் நிழல். அந்த நிழலில், சுவரோரம் பாட்டி. சுற்றிலும் மண்டை பிளக்கும் வெயில். கேமராவின் தானியங்கி அளவுமானி அந்த வெயிலை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நம்முடைய கறுத்த முகம் கருந்திட்டாகிப் போகும். கண்ணும் மூக்குத்தியும்கூடத் தெரியாது. எத்தனையோ தோட்டத்துக் குடும்பப் படங்களில் இந்த அநியாயத்தைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கேனனெட்டில் வேகம், அபெர்ச்சர் இரண்டையும் நாமே வைக்கலாம், அதற்குப் பேட்டரியும் வேண்டாம். பாட்டியின் பக்கத்தில் போய், அவர் முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கைபேசிச் செயலியில் அளந்து, அதையே கேமராவில் வையுங்கள். வெளியில் வெயில் வெளுத்துப் போகட்டும், நமக்கு முகம் வேண்டும். கேனனெட்டில் பூஞ்சணம் இருந்து யாஷிகாவையே வாங்க நேர்ந்தால், அதற்கும் வழி உண்டு. 200 ஏஎஸ்ஏ பிலிமைப் போட்டுவிட்டு, இப்படிப்பட்ட இடத்தில் மட்டும் வளையத்தை 100க்குத் திருப்புங்கள். வெளிச்சம் இரு மடங்காகும். கலர் நெகடிவ் அதைத் தாராளமாகத் தாங்கும்.

குறிவைக்க முகத்தில் ஏதாவது ஒரு கூர்மையான இடத்தைப் பிடியுங்கள். மூக்குத்தியின் மினுக்கு நல்ல இடம். இரண்டு மினுக்கும் ஒன்றானதும் அழுத்தலாம். ஆனால் ஒன்று: இந்தக் கேமராக்களில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும். மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்ட பிறகே பாட்டியைக் கூப்பிடுங்கள்.

என் பாட்டிக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு பழைய படம். 1948இல் அவசரகாலம் அறிவித்த பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அதற்காக எடுத்த படம். பயந்துபோன ஓர் இளம்பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிரிக்கும் பாட்டியைப் படமாகப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. உங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.

வாங்கியதும் தோல் உறையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா மணிகளோடு கேமராவை வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் போதும். பிலிமைக் குளிர்பெட்டியில் வைத்தால், எடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

முதல் ரோலைப் பாட்டிக்கு வைக்காதீர்கள். தென்னை, கோயில் வாசல், லயத்துச் சுவர் என்று எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் வைத்த அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். கழுவி வந்த நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கேமரா சரியாக இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே இரண்டாவது ரோலோடு தோட்டத்துக்குப் போங்கள். காலை ஒன்பது மணிக்குள் போனால் வாசலில் வெயில் ஏறியிருக்காது.