விரல் மடங்குவதை அளக்கும் பட்டி

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு வாப்பா விரல்களை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்கிறார். எத்தனை தரம் மடக்கினார் என்று காட்டும் கையுறை ஒன்றை த்ரீடி பிரிண்டரில் செய்கிறேன். மின் கடத்தும் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக்கில் அடித்த பட்டி முறிந்துவிடுகிறது. போகலச் சுரங்கத்துக் காரீயத் (கிராபைட்) தூளை ரி.பி.யு.வில் நானே கலக்கலாமா?
– பொறியியல் மாணவர், மருதமுனை

பதில்: வாப்பாவுக்குப் பூரண சுகம் கிடைக்க துஆச் செய்கிறேன்.

பி.எல்.ஏ. விறைப்பானது, மடக்கினால் முறியத்தான் செய்யும். விரலுக்கு ஏற்றது ரப்பர் போல இழுபடும் ரி.பி.யு. கரித்துகள் கலந்து மின் கடத்தும் ரி.பி.யு. இழையாகவே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். போகல, கஹட்டகஹ சுரங்கக் காரீயத்தின் தூய்மைக்கு உலகில் நல்ல பெயர் உண்டு. ஆனால் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடராக நின்றால்தான் மின் பாயும். உருகிய பிளாஸ்ரிக்கில் அவை சீராகக் கலக்க இரட்டைத் திருகு இயந்திரம் தேவை. வீட்டில் வேண்டாம்.

விரல் மடங்கும்போது பட்டி இழுபடும், துகள்களின் தொடுகை குலையும், மின்தடை மாறும். பட்டியின் தடைக்குக் கிட்டிய ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளி வோல்ட்டளவை ஆர்டுயினோ பலகையில் வாசியுங்கள். 2014இல் ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் குழுவினர், இறுகாத சிலிக்கோன் ரப்பருக்குள் கரி மையை அச்சிட்டு இப்படியொரு கையுறை செய்து காட்டினார்கள்.

நம் கரையோரத்தில் பெரிய தலையிடி ஈரக்காற்று. ரி.பி.யு. ஈரத்தை உறிஞ்சும், அச்சிடும்போது அது ஆவியாகிக் குமிழி விடும், பட்டிக்குப் பட்டி தடை வேறுபடும். 50 பாகை செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியிலிருந்தே இழையை ஊட்டுங்கள். அச்சிடும் வேகம் நொடிக்கு 20–30 மில்லிமீற்றர் போதும். கம்பியைப் பற்றாசு வைத்தால் பட்டி உருகும். மின் கடத்தும் நூலால் தையுங்கள்.

அடித்துணிக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்தியே நல்லது. துணியை இயந்திரத் தட்டில் இறுக்கி அதன் மேலேயே அச்சிட்டால், உருகிய ரி.பி.யு. நெசவின் இடைவெளிக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நெய்த துணி இழுபடாது என்பதால், பட்டியின் இரு நுனிகளை மட்டும் துணியில் பிடிக்கவிட்டு, மூட்டின் மேல் வரும் நடுப்பகுதியைச் சும்மா விடுங்கள்.

இந்தப் பட்டி இழுத்து விட்டவுடன் பழைய தடைக்குத் திரும்பாது. அதனால் எத்தனை தரம் என்ற கணக்கை நம்பலாம், எத்தனை பாகை என்பதை நம்ப முடியாது. கணக்குச் சரியாக வர, ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் கையை விரித்தும் பொத்தியும் இரு அளவுகளைப் பதிந்துகொள்ளுங்கள். பக்கவாதம் வந்த கையில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், இறுக்கம் வாப்பாவுக்குத் தெரியாமலே போகும். கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். அணிவிக்கும் முன் அவருடைய இயன் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.