சத்தத்தை முதலில் வரவழை

அன்புள்ள தம்பிக்கு,

எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் தயங்காமல் இறங்கிவிடுகிறாய். ஆனால் "எப்பவாவது ஒரு சத்தம் வருது" என்று சொல்லி ஒருவர் வண்டியை விட்டுவிட்டுப் போனால் மட்டும் கை ஓட மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் வாகன மெக்கானிக் படித்தவன் நீ. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. வந்து வந்து மறையும் சத்தத்தைப் பிடிக்க அது மட்டும் போதாது.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான். சத்தத்தை வரவழைக்கத் தெரியாமல் அதை நிறுத்தப் போகாதே. நீ வேண்டும் என்றபோது அது வர வேண்டும், வேண்டாம் என்றபோது நிற்க வேண்டும். அதுவரை ஸ்பேனரைத் தொடாதே. "லிங்க் ராடாத்தான் இருக்கும், மாத்திப் பாப்போம்" என்று தொடங்கினால் உன் யூகத்துக்கு வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார். அதோடு, இந்த மாதிரிச் சத்தம் நம்மை ஏமாற்றவும் செய்யும். பாகத்தை மாற்றிய பிறகு நாலு நாள் தானாகவே வராமல் இருக்கும். ஜெயித்துவிட்டோம் என்று நீ நினைத்திருக்கும்போது வண்டி திரும்பி வந்து நிற்கும்.

வரவழைக்கும் வழி வாடிக்கையாளரின் வாயில்தான் இருக்கிறது. அவருக்குப் பாகங்களின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி அவர். வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் அவரை உட்காரவைத்துக் கேள். காலையில் எடுத்ததுமா, ஓடிச் சூடான பிறகா? நேர் ரோட்டிலா, திருப்பத்திலா? பிரேக் மிதிக்கும்போதா, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதா? ஏசி ஓடும்போது மட்டுமா? தனியாகப் போகும்போதா, பின்சீட்டில் ஆள் இருக்கும்போதா? மழைக்குப் பிறகா? சமீபத்தில் டயரைக் கழற்றி மாட்டினார்களா? "சஸ்பென்ஷன்ல இருந்து வருதா சார்?" என்று மட்டும் கேட்காதே. நாம் எடுத்துக்கொடுக்கும் பதிலையே அவர் திருப்பிச் சொல்வார். சத்தத்தை வாயால் செய்துகாட்டச் சொல். கடகடவா, கிரீச்சா, உய்ங்கென்று இழுக்கிறதா, டொக்கென்று ஒரே அடியா என்பதிலேயே பாதித் தூரம் கடந்துவிடலாம்.

ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் சின்ன கார் எங்களிடம் வந்தது. "தினமும் காலையில தெருமுனையில டொக்குனு ஒரே ஒரு தடவை. அப்புறம் நாள் முழுக்க இல்லை" என்றார். வேறோர் இடத்தில் ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும், முன்பக்க ஸ்ட்ரட் மவுண்ட் இரண்டையும் மாற்றியிருந்தார்கள். சத்தம் போகவில்லை. நாங்களும் பள்ளம், ஸ்பீடு பிரேக்கர் என்று ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. பிறகு அவரிடம், சாவி போடுவதிலிருந்து தெருமுனை வரை என்னென்ன செய்வீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். "கேட்டைத் திறப்பேன், ரிவர்ஸ்ல தெருவுக்கு எடுப்பேன், முன்னால கிளம்புவேன், முனையில பிரேக் போடுவேன்."

விடை அந்த ரிவர்ஸில் இருந்தது. முற்றத்திலேயே பின்னால் எடுத்துப் பிரேக், முன்னால் எடுத்துப் பிரேக் என்று செய்தோம். டொக். மறுபடி முன்னால் போய்ப் பிரேக் போட்டால் சத்தமில்லை. திசை மாறியதும் வரும் முதல் பிரேக்கில் மட்டும் அந்த அடி விழுந்தது. அதையே பின்சக்கர டிரம்மைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கை மட்டும் வைத்துச் செய்தபோது சத்தம் வரவில்லை. ஆக, கோளாறு முன்பக்கம். நடை வேகத்தில் ஓட்டி, ஓர் ஆளை ஒதுங்கி நின்று கேட்கவைத்ததில் இடது சக்கரம் என்று தெரிந்தது. சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் பேட் பிராக்கெட்டுக்குள் கையால் அசைத்தாலே மேலும் கீழும் ஆடியது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய தகடு கிளிப்புகள் தேய்ந்து, ஸ்பிரிங் போய்க் கிடந்தன. சுழலும் டிஸ்க், பேடைத் தன் திசையில் இழுத்துக்கொண்டு போய் பிராக்கெட்டின் ஓரத்தில் முட்டவைக்கிறது. திசை மாறும் வரை பேட் அங்கேயே இருக்கும். மாறினால் மறு ஓரத்தில் ஒருமுறை முட்டும். பேட் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புதுக் கிளிப் போட்டு, உரசும் இடங்களில் பிரேக் கிரீஸ் தடவியதும் அடி நின்றது. அவரையே ஓட்டவைத்து, முன்னும் பின்னும் எடுத்துப் பார்க்கச் சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிவர்ஸ் எடுத்ததும் போடும் முதல் பிரேக்கை நம்மில் யாரும் கவனிப்பதில்லை, ரோட்டுக்குப் போன பிறகுதான் காதைத் தீட்டுகிறோம். இத்தனை பேர் கையில் அது அகப்படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

டிரையல் போகும் முன் வண்டியைக் காலி செய். டிக்கியில் ஜாக்கி, ஸ்டெப்னி, டூல்ஸ், சீட்டுக்கு அடியில் உருளும் பாட்டில், கதவுப் பையில் சில்லறை, நம்பர் பிளேட்டின் தளர்ந்த திருகு, பின்சீட்டில் ஆளில்லாதபோது ஆடும் பெல்ட் பக்கிள், எல்லாவற்றையும் பார். செலவில்லாமல் தீரும் சத்தங்கள் இவை. பிறகு வாடிக்கையாளரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். அவர் ஓட்டும் விதத்தில், அவர் போகும் ரோட்டில்தான் அது வரும்.

சத்தம் வந்ததும் அது எதோடு சேர்ந்து போகிறது என்று பார். காலியான நேர் ரோட்டில், எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலுக்குக் கொண்டுவா. எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரத்தோடு சுற்றுவது. கணக்கும் உதவும். 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறக்குறைய 3 முறை சுற்றும், 40-ல் ஏறக்குறைய 6 முறை. 20-ல் வினாடிக்கு மூன்று டிக் கேட்டால் முதலில் டயர் பட்டனில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார். 800 ஆர்.பி.எம். ஐடிலில் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, நிமிடத்துக்கு 400 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் டிக் டிக் என்றால் வால்வுப் பக்கம் காதைத் திருப்பு.

நிலைமையை மாற்றினால் சத்தம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உய்ங்கென்ற இரைச்சல் வலது பக்கம் திரும்பும்போது கூடினால், பாரம் ஏறும் இடது வீல் பேரிங்மேல் சந்தேகப்படு. ரோடு மாறும்போது இரைச்சலும் மாறினால் டயரைப் பார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல நகர்த்தும்போது டக்டக் என்றால் ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். கிளட்ச் மிதித்தால் வருவது ரிலீஸ் பேரிங், மிதித்தால் நிற்பது கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்காக இருக்கலாம். பெல்ட் கத்தினால் பட்டைப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளி. சற்று நேரம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை, கூடினால் பெல்ட் நழுவுகிறது. ராத்திரி மழையில் நின்ற வண்டி காலையில் முதல் சில பிரேக்குக்குக் கரகரத்துவிட்டு அடங்கினால், அது டிஸ்க்கில் படிந்த மேல்துரு. அதற்கு எந்தப் பாகமும் மாற்ற வேண்டாம்.

காதை மட்டும் நம்பிவிடாதே. இரும்பு வழியாகச் சத்தம் பயணம் செய்யும். முன்சக்கரத்தில் பிறந்தது டாஷ்போர்டில் கேட்கும். ஸ்டெதஸ்கோப்பையோ நீள ஸ்க்ரூ டிரைவரையோ சுற்றாத பாகத்தில் வைத்து, ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டுப் பார். சந்தேகப்படும் இடங்களில் கவ்வவைத்து, ஓடும்போதே உள்ளே உட்கார்ந்து கேட்கும் மைக் கருவி கிடைத்தால் அதைப் பயன்படுத்து. சட்டைக் கையையும் கயிற்றையும் பெல்ட்டுக்கு அருகே தொங்கவிடாதே. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் சுழலத் தொடங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே.

சில சத்தங்களுக்குத் தவணை கிடையாது. டயர் மாற்றிய பிறகு கடகடப்பு என்று ஒருவர் சொன்னால், பேச்சை நிறுத்திவிட்டு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் பார். பால் ஜாயிண்ட் ஆடுகிறது என்று தெரிந்தால் "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்ற வார்த்தையே உன் வாயில் வரக் கூடாது. அது கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் சாய்ந்துவிடும். அந்த வண்டியில் குழந்தைகள் உட்கார்ந்து போவார்கள்.

எவ்வளவு தேடியும் சில நாள் சத்தம் வரவே வராது. அப்போது ஜாப் கார்டில் "கோளாறு இல்லை" என்று எழுதாதே. "எங்களிடம் வரவில்லை" என்று எழுது. எந்த ரோட்டில், எந்தச் சூட்டில், எத்தனை பாரத்தோடு பார்த்தாய் என்பதையும் எழுது. அடுத்த முறை வரும்போது நேரம், வேகம், காலும் கையும் என்ன செய்தன என்று குறித்துவரச் சொல். பாகத்துக்குப் பணம் வாங்காதே. தேடிய நேரத்துக்குக் கூலி வாங்குவதில் வெட்கப்படாதே. அதை முன்கூட்டியே சொல்லிவிடு. "ஒண்ணும் இல்ல சார், உங்களுக்குத்தான் அப்படித் தோணுது" என்று மட்டும் யாரையும் அனுப்பிவிடாதே. அவர் கேட்டது உண்மை. நீ இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவரை நம்பினால்தான் அடுத்த கேள்வி உனக்குத் தோன்றும், அந்தக் கேள்விதான் உன்னைச் சத்தத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்