பொன் பிறக்கும் உலை

துவாஸில் உள்ள நம் கடைக்குச் சமீபத்தில் ஒரு மனிதர் வந்தார். செம்பைப் பொன்னாக்கும் ரசவாதம் தமக்குத் தெரியும் என்றும், சரக்கு வாங்க 500 வெள்ளி முன்பணம் தந்தால் போதும் என்றும் சொன்னார். நம் கடைச் சிப்பந்தி தன் சம்பளப் பணத்தை எடுக்கவே போய்விட்டான். “தம்பி, கொஞ்சம் பொறு” என்று அவனுக்குச் சொன்ன விஷயங்கள் வியாபாரிகளான நம்மவர்க்கும் உபயோகப்படுமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

செம்பின் அணுக்கருவில் இருப்பவை 29 புரோட்டான்கள், பொன்னிலோ 79. ஆசாரியின் உலைத் தீ அணுவின் வெளிப்புறத்தைத்தான் தொடும், கருவை அசைக்காது. பெரிய நட்சத்திரங்களின் வயிற்றில் எரியும் நெருப்பும் 26 புரோட்டான் கொண்ட இரும்போடு நின்றுவிடுகிறது. பொன் உண்டாக வேண்டுமானால் நியூட்ரான் என்னும் துகள்கள் வெள்ளமாகப் பாய்ந்து கருவினுள் ஏற வேண்டும்.

அத்தகைய வெள்ளம் எங்கே வரும்? நட்சத்திரங்களின் மரணத்தைப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 396இல், அதாவது கி.பி. 1006இல், வானத்தில் ஒரு புது நட்சத்திரம் தோன்றிற்று. மிஸ்ர் தேசத்தில் அப்போது இளைஞராயிருந்த ஹக்கீம் அலீ இப்னு ரிள்வான் அதைக் கண்டார். அது வெள்ளியைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிது என்றும், அதன் ஒளி நிலவின் கால் பங்குக்குச் சற்று மேல் என்றும், அன்று கிரகங்கள் நின்ற இடங்கள் இன்னவை என்றும் தாலமியின் நூலுக்கு எழுதிய உரையில் பதிந்து வைத்தார். அதனால் போரும் பஞ்சமும் விளைந்தன என்று அவர் கருதியதை நாம் விட்டுவிடலாம். அவர் அளந்து எழுதிய கணக்கோ இன்றைய ஆராய்ச்சியாளர்க்கும் உதவுகிறது. வெண்குறுமீன் என்னும் வகை நட்சத்திரம் வெடித்ததே அது என்கிறார்கள்.

வெண்குறுமீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. இதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்கைத் தொடங்கினார். 1935இல் லண்டன் சபையில் எடிங்டன் என்ற பெரியவர் அதை எள்ளி நகையாடினார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மிகப் பெரிய நட்சத்திரத்தின் நடுப்பகுதி அந்த எல்லையைத் தாண்டினால் நொறுங்கி நியூட்ரான் நட்சத்திரமாகிறது. சூரியனைவிட அதிக எடை, ஆனால் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். துவாஸுக்கும் சிராங்கூன் ரோட்டுக்கும் இடையே அடங்கிவிடும்!

இத்தகைய இரண்டு ஒன்றையொன்று சுற்றி மோதிய அதிர்வு 2017 ஆகஸ்ட் 17ஆம் நாள் பூமியை வந்தடைந்தது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகள் அதைப் பதிந்தன. 1.7 விநாடி கழித்துக் காமாக்கதிர் வந்தது. சில மணி நேரத்தில் சிலி நாட்டுத் தொலைநோக்கி அந்த இடத்தைக் கண்டது. 13 கோடி ஒளியாண்டு தூரம்! அந்த ஒளியை ஆராய்ந்து, பொன்னைப் போன்ற கனமான பொருள்கள் அங்கே பெருமளவில் பிறந்தன என்று முடிவு கட்டினார்கள். பொன் பிறக்கும் இடம் இது ஒன்றே என்று இன்னும் யாரும் அறுதியிட்டுக் கூறவில்லை.

வந்தவர் விடவில்லை. “ஐரோப்பாவில் இயந்திரத்தால் ஈயத்தைப் பொன்னாக்கினார்களே?” என்றார். உண்மைதான். ஜெனீவா அருகேயுள்ள செர்ன் நிலையத்தில் 2015 முதல் 2018 வரை அவ்வாறு உண்டான பொன், ஒரு கிராமை லட்சங்கோடி பங்காக்கினால் அதில் 29 பங்கு. அதுவும் பிறந்த கணமே சிதறிப்போயிற்று.

இதைக் கேட்டபின் அந்த மனிதர் தேநீரை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பையன் பணத்தை ஊருக்கு அனுப்பினான்.