அப்பா ஊரில் இல்லாத வீடு: ‘லிட்டில் விமன்’ வாசிப்பு

திருச்செங்கோடு பக்கம் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் பலருடைய அப்பா ஊரில் இருப்பதில்லை. ரிக் வண்டியோடு வடமாநிலம் போனவர் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. லாரி ஓட்டுகிறவரும் வாரக்கணக்கில் சாலையில்தான். லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ நாவலை இவர்களோடு வாசிக்கலாம் என்று தோன்றியதற்கு அதுதான் காரணம். நானும் அப்போதுதான் அதை முதன்முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களைவிட இரண்டு அத்தியாயம் முன்னால் இருந்தேன், அவ்வளவுதான்.

1868இல் வெளிவந்த கதை. மெக், ஜோ, பெத், ஏமி என நான்கு சகோதரிகள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அப்பா படைக்குச் சமயப் போதகராகப் போயிருக்கிறார். வீட்டில் அம்மாவும் பெண்களும். கையில் காசு குறைவு. இதற்குமேல் முன்னுரை சொல்லவில்லை. ஆசிரியர் வரலாறு, நாட்டு வரலாறு என்று கரும்பலகையை நிரப்பிவிட்டுப் போனால் கதை செத்துவிடும். ஆல்காட்டும் நான்கு சகோதரிகளில் ஒருவர் என்பதைக்கூடப் பிறகுதான் சொன்னேன்.

நேராக முதல் அத்தியாயத்தில் அப்பாவின் கடிதம் வரும் இடத்துக்குப் போனோம். ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்து, நம் பேச்சில் சொன்னேன். பட்ட கஷ்டத்தை அந்தக் கடிதம் அதிகம் சொல்லாது. ஏன் என்று கேட்டேன்.

“எங்கப்பாவும் அப்படித்தானுங்க சார். போன் பண்ணுனா, சாப்பிட்டேன், நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாரு” என்றாள் ஒரு மாணவி. நான் விளக்க வேறொன்றும் இருக்கவில்லை.

‘பொண்ணுங்க கதை’ என்று ஒதுங்கியிருந்த பையன்களை இழுத்தது ஜோவின் கூந்தல். அப்பா வாஷிங்டன் மருத்துவமனையில் கிடப்பதாகத் தந்தி வருகிறது. அம்மாவின் பயணச் செலவுக்கு ஜோ முடியை விற்று 25 டாலர் கொண்டுவருகிறாள். “நகையை அடகு வெச்சிருக்கலாமே” என்றான் ஒருவன். “முடி வளந்துருமுங்க, அடகு வெச்ச நகை வருமா?” என்று பின்வரிசையிலிருந்து பதில். அந்த வீட்டில் நகை இருந்ததா என்று பக்கங்களைப் புரட்டித் தேடினார்கள். கேள்வித்தாளால் நடக்காதது இது.

அடுத்த வாரம், தூரத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கக் கடிதம். யாருக்கு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டேன்; தந்தையை இழந்த பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. நான் படித்துத்தான் ஆக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. “லாரிக்கு ஏது சார் விலாசம்?” என்றான் ஒருவன். பிறகு அம்மாவின் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

ஏழாம் அத்தியாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயது ஏமி, தடையை மீறி எலுமிச்சை ஊறுகாயை வகுப்புக்குக் கொண்டுவருகிறாள். ஆசிரியர் அதை ஜன்னல் வழியே வீசவைத்து, உள்ளங்கையில் அடித்து, எல்லோர் முன்னும் நிற்கவைக்கிறார். பிள்ளைகளை அடிப்பது அம்மாவுக்கு உடன்பாடில்லை; மகளை அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடுகிறார். உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்னது 2009இல்.

இதைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தேன். தாண்டவில்லை. ஊறுகாய்க்கா அடி என்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், ஏமி மாதிரி நீங்களும் வீட்டில் போய்ச் சொல்வீர்களா என்று கேட்டேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் மேசையைப் பார்த்தார்கள்.