காத்திருத்தல் இருவகை

'மாலை 6 மணிக்கு எழுப்புக' என்பதும், '6 மணி நேரம் கழித்து எழுப்புக' என்பதும் வேறு வேறு ஏவல்களாம். முன்னது வேளையைச் சுட்டுகின்றது. பின்னது கால அளவைச் சுட்டுகின்றது. நான்காம் வேற்றுமை உருபு ஒன்றினாலேயே நம் மொழி காட்டும் இவ்வேறுபாட்டைக் கணினிக்கு நிரல் எழுதுவோர் மறந்தவிடத்து நேரும் இடர்களை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பின்னர் ஒரு செயல் நிகழுமாறு கணினியிற் குறித்து வைக்கும் ஏவலை டைமர் என்பர். நண்பகல் 12 மணிக்கு மேற்கூறிய இரண்டு ஏவல்களையும் ஒரு கணினிக்கு இட்டோம் எனக் கொள்வோம். ஒரு மணி நேரம் சென்றபின், அதன் கடிகாரம் ஒரு மணி பின்தங்கியிருத்தல் கண்டு, அதனை 1 மணியினின்று 2 மணிக்கு மாற்றுகின்றோம். இனி, முதல் ஏவல் கடிகாரம் 6 காட்டும்பொழுது, அஃதாவது நான்கு மணி நேரத்தில், நிறைவேறல் வேண்டும். இரண்டாவதற்கோ இன்னும் ஐந்து மணி நேரம் எஞ்சியுள்ளது. ஆகலின் கடிகாரம் 7 காட்டும்பொழுதே அது நிறைவேறல் முறை. காட்டும் எண் மாறியதேயன்றிச் சென்ற காலம் மாறவில்லை. இதனை உணராது, இரண்டாம் ஏவலையும் 'மாலை 6 மணி' என முன்னரே கணித்து வைத்துக் கடிகாரத்தையே நோக்கியிருக்கும் நிரல் ஒரு மணி முந்திவிடும். கடிகாரத்தை ஒரு மணி பின்னோக்கித் திருத்தினால் அவ்வளவே பிந்திவிடும்.

இதுபற்றியே லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகள் இருவகைக் காலக்கணக்கு வைத்துள்ளன. ஒன்று, 1970 ஜனவரி 1 முதலாக வினாடிகளை எண்ணுவது. நாட்காட்டியோடு ஒத்து நிற்குமாறு இதனைத் திருத்தலாம். மற்றொன்று, முன்னோக்கியே செல்வது. வேறொரு நேரத்திற்கு மாற்றி வைக்க இயலாதது. வேளை குறித்த ஏவலை முன்னதனோடும், அளவு குறித்த ஏவலைப் பின்னதனோடும் பிணித்தல் நெறியாம். கடிகாரத்தை முன்னோக்கித் திருத்துங்கால் குறித்த வேளை கடந்துவிட்டதாயின், வேளை குறித்த ஏவல் உடனே நிறைவேறும்.

கடிகார மாற்றம் டைமர்களுக்கு எட்டாவிடின் நேர்வது யாது? 2012 ஜூன் 30 முடிவில், புவியின் சுழற்சியோடு பொருந்துமாறு உலகப் பொது நேரத்தில் ஒரு வினாடி கூட்டப்பெற்றது. லினக்ஸ் தன் கடிகாரத்தை ஒரு வினாடி பின்னிட்டதாயினும், டைமர்களைக் காக்கும் தன் உட்பகுதிக்கு அதனை அறிவிக்கவில்லை. அப்பகுதி ஒரு வினாடி முந்தி நின்றமையின், அக்கடிகாரத்தைச் சார்ந்து ஒரு வினாடிக்கும் குறைவாகக் காத்திருக்கவேண்டிய நிரல்கள் காத்திராமலே விழித்தன; மீண்டும் காத்திருக்க முயன்று மீண்டும் விழித்தன; இங்ஙனம் ஓயாது சுழன்று கணினியின் ஆற்றலை உண்டன. ரெடிட் தளம் தடைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானப் பயணிகளின் பதிவு குலைந்தது. கடிகாரத்தை அது காட்டிய நேரத்திற்கே மீண்டும் ஒருமுறை வைத்தல் கைகண்ட மருந்தாயிற்று; அதனால் அறிவிக்கப்படாத செய்தி உரிய பகுதிக்குச் சென்று சேர்ந்தது.

இத்தகைய மிகை வினாடி முறையை 2035-ஆம் ஆண்டிற்குள் மாற்றுவதென எடை அளவைகளுக்கான பொது மாநாடு 2022-இல் தீர்மானித்துள்ளது. ஆயினும் கையினாலும் வலைப்பின்னல் வழியாகவும் கடிகாரங்களைத் திருத்துதல் ஒழியாது. ஆதலின் நிரல் எழுதப் புகும் நண்பர்கள், ஓர் ஏவலை இடுமுன், அது குறிப்பது வேளையையோ அளவையோ என ஆராய்ந்து துணிதல் நன்று.