இந்த பீர் எப்போது கப்பலேறியது?

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு. எங்கள் தெருக்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் மகள் அப்பா அம்மாவை மியாமியில் ஏழு நாள் கரீபியன் கப்பலில் ஏற்றிவிட்டிருக்கிறாள். அங்கே அப்போது மத்தியானம்.

“தம்பி, அஞ்சு பாட்டில் சேர்த்து பக்கெட்டா வாங்குனா லாபம்னு சொன்னாங்க. முதல் ரெண்டு நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவதுல ரப்பர் எரிஞ்ச நாத்தம். கெட்டுப்போன சரக்கை நம்ம தலையில கட்டிட்டாங்களா?”

“எங்க உக்காந்திருக்கீங்க சார்?”

“நீச்சல்குளம் பக்கத்துல. நல்ல வெயில்.”

“பாட்டில் என்ன கலர்?”

“பச்சை.”

கப்பல்காரர்கள் மேல் தப்பில்லை. சாரும் சூரியனும் சேர்ந்து கெடுத்த பீர் அது. பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்கிற பூ. அந்தக் கசப்புச் சத்தின் மேல் வெளிச்சம் பட்டால், கந்தகம் சேர்ந்த நாற்றப் பொருளாக மாறிவிடும். துளியில் துளி இருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். நேர்வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. ஐஸில் புதைத்து வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் வேலையைக் காட்டுவது வெளிச்சம். அதனால் மேல்தளத்துக்குப் போகிறவர்கள் கேன் வாங்குங்கள். பாட்டில்தான் வேண்டுமென்றால் உள்ளே, நிழலில் உட்கார்ந்து குடியுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். ஒன்பது வருடம் பயணக் கப்பல்களில் பார் ஸ்டோரில் வேலை. குடித்த பீரைவிடத் தூக்கிய பீர்தான் அதிகம். ‘கப்பலில் நல்ல பீர் கிடைக்குமா?’ என்று யாராவது கேட்டால், கிடைக்கும், ஆனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், தேதியைப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் இதுதான். கப்பல் தாய்த்துறைமுகத்துக்குத் திரும்பும் நாளில், காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள், பிற்பகலில் புதியவர்கள் ஏறுவார்கள். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் லாரி லாரியாகச் சரக்கு ஏறும். எல்லோரும் கேட்கும் லாகர் வகைகள் அந்த வாரமே தீர்ந்து, அடுத்த வாரம் புதுசாக வரும். மெனுவின் கடைசி வரியில் அழகான பெயரோடு ஒரு அபூர்வ பீர் இருக்கிறதே, அது வாரத்துக்கு நாலு பேர் கேட்டால் பெரிது. அது எத்தனை பயணம் போய்வந்தது என்பது ஸ்டோர்காரனுக்குத்தான் தெரியும். எங்கள் ஸ்டோரின் மூலையில் அப்படி ஒரு பெட்டி ஆறு பயணம் சுற்றியது. ஒவ்வொரு முறை சரக்கெடுக்கும்போதும் அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுப்போம்.

ஆகவே பார்டெண்டரிடம் ‘எது நல்ல பீர்?’ என்று கேட்காதீர்கள். எல்லாமே நல்லது என்பார். ‘எது வேகமாக ஓடுகிறது?’ என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

கேன் என்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அச்சிட்டிருப்பது அடைத்த தேதியா, காலாவதித் தேதியா என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்னொரு குழப்பமும் உண்டு. 04/07 என்று இருந்தால் அமெரிக்க கேனில் அது ஏப்ரல் 7, ஐரோப்பிய கேனில் ஜூலை 4. ஹாப்ஸ் வாசத்துக்காகவே குடிக்கும் ஐபிஏ வகைக்கு இந்தத் தேதி உயிர். அந்த வாசம்தான் முதலில் போகும், அதன் பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். கறுப்பு நிற ஸ்டவுட், போர்ட்டர், சாராயச் சத்து அதிகமான பெல்ஜிய வகைகள் கொஞ்ச நாள் தாங்கும். எனவே வெளிர் நிறத்தையும் ஐபிஏயையும் பயணத்தின் முதல் இரண்டு மூன்று நாளில் குடித்துவிடுங்கள். கறுப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐபிஏ, அதாவது ‘இந்தியா பேல் ஏல்’, என்றதும் ஒரு கதை நினைவுக்கு வரும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் வரும் மாதக்கணக்கான பயணத்தில் கெடாமல் இருக்கவே இந்த வகையைக் கண்டுபிடித்தார்கள் என்று கப்பல் பார்களில் அடித்துச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. லண்டனில் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கத்தில் இருந்த ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து வெளிர் பீர் இங்கே வந்தது நிஜம். ஆனால் அதே கப்பல்களில் கறுப்பு போர்ட்டரும் பீப்பாய் பீப்பாயாக வந்து நன்றாகவே இறங்கியது. பயணத்துக்கென்று புது பீர் ஒன்றும் அவசியப்படவில்லை. இதைச் சொல்லி ஒரு ஆங்கிலேய பார்டெண்டரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

குழாயில் பிடிக்கும் டிராஃப்ட் பீருக்கு அடியில் திருப்பிப் பார்க்கத் தேதி கிடையாது. அங்கே மூக்கும் கண்ணும்தான் துணை. பீர் வரும் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும் என்பது தொழில் விதி. கழுவாத குழாயிலிருந்து வரும் பீரில் லேசான புளிப்பும், தியேட்டர் பாப்கார்ன் போல ஒரு வெண்ணெய் வாசமும் இருக்கும். கிளாஸையும் கவனியுங்கள். உள்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால், கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான கிளாஸில், நீங்கள் ஒவ்வொரு மடக்கு குடித்து வைக்கும்போதும் நுரை ஒரு வளையமாகத் தங்கும். சந்தேகமிருந்தால், ஆர்டர் செய்யும் முன்பே ஒரு வாய் ருசி பார்க்கத் தரச்சொல்லுங்கள். குழாய் பீருக்குத் தருவார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. உறைபனி பூத்த கிளாஸ் மட்டும் வேண்டாம் என்றுவிடுங்கள். அவ்வளவு குளிரில் நல்லதும் கெட்டதும் நாக்குக்கு ஒன்றுதான்.

அடுத்தது, எந்த பார். வரவேற்புக் கூடத்தின் நடுவில் பளபளக்கும் பாரில் காக்டெய்லும் ஒயினும்தான் ராஜா. அங்கே பீர் ஒப்புக்கு இருக்கும். ஏறிய அன்றே, பெட்டி அறைக்கு வருவதற்குள், கப்பலை ஒரு சுற்று சுற்றி பீருக்கென்றே இருக்கும் பாரைக் கண்டுபிடியுங்கள். நார்வீஜியன் எஸ்கேப்பில் டிஸ்ட்ரிக்ட் ப்ரூ ஹவுஸ் என்று ஒன்று, 24 குழாய்களோடு 2015இல் வந்தது. குனார்ட் கப்பல்களில் கோல்டன் லயன் என்கிற ஆங்கிலேய பப். ராயல் கரீபியனிலும் பல கப்பல்களில் பப் உண்டு, கப்பலுக்குக் கப்பல் பெயர் மாறும்.

கப்பலிலேயே பீர் காய்ச்சுவதும் உண்டு. ஜெர்மானியர்களின் ஐடாபுளு 2010இல் இதைத் தொடங்கிவைத்தது. வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ஓடும் கப்பல்களில் 2016இல் வந்த கார்னிவல் விஸ்டாதான் முதல். ரெட்ஃபிராக் பப்பின் கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிகள் நிற்கும். கோதுமை பீர், ஐபிஏ, காபி சேர்த்த ஸ்டவுட் என்று மூன்று வகையோடு தொடங்கினார்கள். ‘கடல் தண்ணீரிலா காய்ச்சுகிறார்கள்?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உப்பு நீக்கிய கடல்நீரில் தாது உப்பு ஏறக்குறைய எதுவுமே இருக்காது. பீர் காய்ச்சுபவருக்கு அது வெள்ளைக் காகிதம் கிடைத்த மாதிரி. ஐபிஏ என்றால் கசப்பு எடுப்பாக நிற்க ஜிப்சம் சேர்ப்பார், ஸ்டவுட் என்றால் வேறு கணக்கு. அரூபா தீவின் பாலாஷி பீரும் உப்பு நீக்கிய கடல்நீரில் காய்ச்சியதுதான். அந்தத் தீவில் குடிதண்ணீரே அப்படித்தான் வருகிறது. உங்கள் கப்பலில் ஆலை இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். காய்ச்சிய இடத்துக்கும் உங்கள் கிளாஸுக்கும் நடுவில் பத்தடிக் குழாய்தான். தேதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்தது.

பணக் கணக்குக்கு வருவோம். நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு எதையும் குடிக்கலாம் என்கிற பேக்கேஜை ஏறுமுன்பே தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒரு நாளுக்கு 70 டாலர், ஒரு பீர் 9 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது பீரில்தான் போட்ட காசு தேறும். பீர் மட்டும் குடிப்பவருக்கு இது வேண்டாத வேலை. காபி, ஜூஸ், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அதிலேயே வாங்கிக்கொள்ளும் ஆள் என்றால் யோசிக்கலாம். கார்னிவலில் 24 மணி நேரத்துக்கு 15 மதுவகை என்று வரம்பும் உண்டு. ஒரே அறையில் தங்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. எங்கள் தெருக்காரர் இதில்தான் தப்பித்தார். காபியைத் தவிர எதையும் தொடாத அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னதும் பேக்கேஜே வேண்டாம் என்றுவிட்டார். பில்லில் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே டிப்ஸுக்கென்று இன்னொரு வரி காலியாக இருக்கும். அதைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து பீர் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஏறும் நாளன்று ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில் அனுமதி, பீருக்கு அனுமதி இல்லை. வழியில் துறைமுகத்தில் வாங்கும் பாட்டிலை ஏணியருகே வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள். ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் இந்தியச் சுங்கத்தில் 2 லிட்டர் வரை வரியில்லை. 330 மில்லி கேன் என்றால் ஆறு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: கடல் மயக்கத்துக்கு அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் அன்றைக்கு பீர் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கம் ஆளைச் சாய்த்துவிடும், ஆடும் கப்பலில் படிக்கட்டும் ஆடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் அனுபவத்தில் கப்பல் பயணத்தின் ஆகச் சிறந்த பீர் கரையில்தான் இருக்கிறது. துறைமுக நாளில் காலையிலேயே கப்பலில் வயிற்றை நிரப்பாமல் இறங்குங்கள். அலாஸ்காவில் ஜூனோவில் நின்றால், 1986இல் தொடங்கிய அலாஸ்கன் ப்ரூயிங்கின் ருசிக்கூடம் ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. ஆல்டர் மரப்புகையில் காட்டிய மால்ட்டில் செய்த ஸ்மோக்ட் போர்ட்டர் கிடைத்தால் விடாதீர்கள். கருவாடு சுட்ட அடுப்பங்கரை நினைவுக்கு வரும். நான் பாராட்டாகத்தான் சொல்கிறேன். பெல்ஜியத்தில் ஸீப்ரூகே துறைமுகம் என்றால், அங்கிருந்து ப்ரூஜ் நகரம் பக்கம்தான். டி ஹால்வ மான் ஆலையின் பீர், 2016 முதல் தெருவுக்கு அடியில் சுமார் மூன்று கிலோமீட்டர் குழாயில் ஓடி, ஊருக்கு வெளியே பாட்டில் அடைக்கும் இடத்துக்குப் போகிறது. கல் பாவிய பழைய தெருக்களில் லாரி ஓட வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நீங்கள் ஆலையிலேயே குடியுங்கள். நார்வேயில் மட்டும் கவனம். கடைகளில் பீர் விற்பனை வார நாளில் இரவு 8 மணியோடு சரி, சனிக்கிழமை 6 மணி, ஞாயிற்றுக்கிழமை கிடையவே கிடையாது. 4.7 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்துள்ளது அரசுக் கடையில்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை.

சென்னையிலிருந்து ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023இல் கொர்டேலியாவின் எம்ப்ரஸ் கப்பல் இங்கிருந்து இலங்கைக்கு ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நிறுத்தங்கள். 1990இல் கட்டிய கப்பல் அது, உள்ளே ஆலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அந்த வழியில் போகிறவர்கள் தேட வேண்டியது லயன் ஸ்டவுட். 8.8 சதவீதம்; காபியும் கருப்பட்டியும் கலந்தது போன்ற கனம். மைக்கேல் ஜாக்சன், பாடகர் இல்லை, பீரைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதிய ஆங்கிலேயர், இலங்கைக்கே போய்க் குடித்துவிட்டு உலகத்துக்குச் சொன்ன பீர் இது. கறுப்பு பீர் என்பதால் சில மாதப் பழசானாலும் தாங்கும். ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் போதும்.

இலங்கையில் போயா தினம், அதாவது ஒவ்வொரு பௌர்ணமியும், மது விற்பனைக்கு விடுமுறை. டிக்கெட் எடுக்குமுன் நாட்காட்டியில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள்.